தோணி எந்தப் பக்கம் பார்க்கிறது?

சபையோருக்கு வணக்கம். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். ஒரு தோணி நீளவாக்கில் கிடந்தாலும் குறுக்கே கிடந்தாலும் தோணி என்று கண்டுகொள்கிறோம். எந்தச் சாய்வில் கிடக்கிறது என்பதும் அந்தப் பார்வையிலேயே பிடிபடுகிறது. கணினிக்கு இவை இரண்டு வேலைகள். ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகிற வேலைகள்.

பூனை மூளையின் பார்வைப் புறணியில் ஒரு கலம் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கே பலமாகத் துடிக்கிறது என்று நரம்பியல் ஆய்வாளர்கள் ஹூபலும் வீசலும் 1959இல் எழுதினார்கள். 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கலம் செய்வதைக் கடதாசியிலேயே செய்து பார்க்கலாம்.

'ட' என்று தடிப்பாக எழுதுங்கள். மை 1, தாள் 0. ஒன்பது கட்ட வடிகட்டி ஒன்று: இடது நிரலில் −1, நடுவில் 0, வலதில் +1. நெடுங்கோட்டின் இடது விளிம்பில் வைத்துப் பெருக்கிக் கூட்டினால் 3. அடிக்கோட்டின் மேல்விளிம்பில் 0. இனி 45 பாகை சாய்ந்த விளிம்பு: மேல் நிரை 0,0,1; நடு 0,1,1; கீழ் 1,1,1. விடை 2.

இங்கேதான் சறுக்கும். மை மூன்றில் இரண்டு பங்காக மங்கிய நெடுங்கோடும் அதே 2ஐத் தரும். சாய்வா, மங்கலா? ஒற்றைக் கலத்தால் சொல்ல முடியாது. வடிகட்டியை 90 பாகை திருப்பி, மேல் நிரையில் −1, கீழ் நிரையில் +1 வரும்படி வையுங்கள். சாய்ந்த விளிம்பு மறுபடி 2 தரும், மங்கிய நெடுங்கோடு 0 தரும். சாய்வு கலங்களுக்கிடையிலான விகிதத்தில் இருக்கிறது.

1980இல் ஜப்பானிய ஆய்வாளர் புக்குஷிமா இத்தகைய கலங்களைக் கணினியில் அடுக்கி நியோகாக்னிட்ரான் என்ற செயற்கை நரம்பு வலையை அமைத்தார். கோட்டைத் தேடும் அடுக்கு ஒன்று, கோடு சற்று நகர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் அடுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும். அந்தப் பொறுமையால்தான் வடிவம் பிடிபடுகிறது. இடம் தொலைவதும் அதனால்தான். 28×28 படத்தில் ஒவ்வொரு 2×2 தொகுதியையும் ஒரு கட்டமாக்கி இருமுறை சுருக்கினால் 7×7. ஒரு கட்டம் 4×4 புள்ளிகளுக்கு நிற்கிறது. உள்ளே கோடு எங்கே இருந்தது என்ற தகவல் போயேவிட்டது. 2017இல் கணினி ஆய்வாளர் ஹின்டன் குழுவினர் காட்டிய காப்சூல் வலை, பொருளின் இருப்பையும் கிடையையும் (அது கிடக்கும் விதத்தையும்) ஒரே காவியில், அதாவது ஒரே எண் வரிசையில், வைத்தது. அழகான யோசனைதான், ஆனால் பெரிய படங்களில் கணக்குப் பாரம் தாங்காது.

படங்களைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி வலையைப் பழக்கலாமே என்பார்கள். இலக்கங்களை முழு வட்டமும் சுழற்றினால் 6உம் 9உம் ஒன்றாகிவிடும். எழுத்து வேலைக்கு 15 பாகைக்குள் நின்றுகொள்ளுங்கள்.

கோணத்தையே விடையாகக் கேட்கும்போது இன்னொரு குழி. இயந்திரப் படகு 359 பாகையில் நிற்க, வலை 1 என்றால் பிழை 358 என்று பதிவாகும். உண்மையில் 2தான். அடிவாங்கிய வலை நடுவே 180 என்று சொல்லித் தப்பப் பார்க்கும். அது நேர் எதிர்த்திசை! ஆகவே கோணத்தைக் கேட்காமல் அதன் சைனையும் கோசைனையும் கேளுங்கள்; அவற்றில் 359உம் 1உம் பக்கத்துப் பக்கமே நிற்கும். இரு முனையும் கூரான தோணி என்றால் 10 பாகையும் 190 பாகையும் ஒரே படம். கோணத்தை இரட்டித்துப் பழக்குங்கள்: 20, 380, இரண்டும் ஒன்றே. வந்த விடையைப் பாதியாக்கினால் கிடை கிடைக்கும். முன்பக்கம் எதுவென்றும் வேண்டுமானால், தோணிக்காரர் இருக்கும் இடத்தைத் தனியே குறித்துத்தான் பழக்க வேண்டும்.