மரத்துப்போன பாதமும் வழவழத்த நாக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு மாம்பலத்திலிருந்து ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர், சுத்த சைவம். கடைத்தெருவில் நடக்கையில் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி போய்விட்டார். பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாராம். சர்க்கரையால் கால் மரத்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டியிருந்தார்கள். அதில் தவறில்லை, சர்க்கரையாலும் மரத்துப்போகும். ஆனால் நாக்கை நீட்டச் சொன்னபோது, சொரசொரப்பெல்லாம் போய், சிவந்து, வழவழவென்றிருந்தது. ரசம் பட்டாலே எரிகிறது என்றார். பரிசோதித்ததில், அவர் ரத்தத்தில் வைட்டமின் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராம் என்ற கீழ்வரம்பைக்கூட எட்டவில்லை.

ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய இந்த பி12 நாளொன்றுக்கு நமக்குத் தேவைப்படுவது சுமார் 2 மைக்ரோகிராம்தான். அதை உண்டாக்குபவை நுண்ணுயிரிகள். நமக்கு அது மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் வழியாகத்தான் கிடைக்கிறது. முருங்கைக்கீரை இரும்புச்சத்து தரும், பி12 தராது. பி12 உள்ள உணவைச் சாப்பிட்டால் மட்டும் போதாது. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோனால்தான் அது உடலில் சேரும். அதனால் வயதானவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும், பாலைக் காபியோடு நிறுத்திக்கொள்ளும் சைவர்களுக்கும் குறை வர வாய்ப்பு கூடுதல். கல்லீரலில் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், குறை தொடங்கிய நாள் யாருக்கும் தெரிவதில்லை. களைப்பு, மறதி, முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாட்டம் என்று அது மெல்லத் தலைகாட்டும்போது வயதின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லப்பிரகத சுப்பாராவின் தலைமையில் இயங்கிய அமெரிக்க ஆய்வுக் குழு, 1945-இல் ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தது. அவர் காலமான 1948-இல்தான் பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது. ஃபோலிக் அமிலம் ஒருவகை ரத்தசோகைக்கு அருமருந்து. ஆனால் பி12 குறைந்து சோகை வந்தவருக்கு அதை மட்டும் கொடுத்தால் சோகை தெளியும், முகம் தேறும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். ரத்தம் சரியாக இருப்பதாலேயே நரம்பும் நலமென்று எண்ணிவிடக் கூடாது.

சோர்வாக இருக்கிறதென்று மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி விழுங்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போகும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அப்படிப் போனால் ரத்த அளவு ஏறிக்காட்டி, உண்மைக் குறை மறைந்துவிடலாம். ஆகவே பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு. ஊசியா மாத்திரையா என்பதைக் குறையின் காரணத்தைப் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார்.

அந்த அம்மையாருக்கு ஊசி போட்டோம். நாக்கெரிச்சல் ஒரு மாதத்தில் போயிற்று. பாதத்தின் மதமதப்பு மெல்லத்தான் குறைந்தது. எட்டு மாதம் கழித்தும் வலது பெருவிரலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.