தாங்கிப் பிடிக்கும் கை

வணக்கம் நேயர்களே.

2024 அக்டோபர் 7 அன்று ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். ஓடி வந்து, மேசைமேல் கையூன்றித் தாண்டுவதுதான் வால்ட்; 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிச் சுற்றில் 15.066 புள்ளி எடுத்து, 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்ட அகர்தலாப் பெண். 2024 மே மாதம் தாஷ்கண்டில், முப்பது வயதில், ஆசியத் தங்கம் வென்றார். அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி கொடுக்கும் விருப்பமும் அவருக்கு உண்டு.

சாம்பியனாக இருந்தவர் பயிற்சியாளராகவும் சிறக்க முடியுமா? முடியும். சோவியத் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை லாரிசா லாத்தினினா 18 ஒலிம்பிக் பதக்கங்களோடு 1966இல் விலகி, 1977 வரை சோவியத் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1968, 1972, 1976 மூன்று ஒலிம்பிக்கிலும் அணித் தங்கம் அவர்களுக்குத்தான். ஆனால் பதக்கம் வாங்கிய கைக்குக் குழந்தையைத் தாங்கிப் பிடிக்கத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. அதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

ஹேண்ட்ஸ்பிரிங்கை, அதாவது தரையில் கைகளை ஊன்றி, தலைகீழாகச் சுழன்று காலில் வந்து நிற்பதை, எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கை தரையில் ஊன்றும் இடத்துக்குப் பக்கவாட்டில், அரை அடி முன்னால் மண்டியிட வேண்டும். ஒரு கை தோளுக்கு, மறு கை இடுப்புக்கு மேலே முதுகில். புதிதாக வருபவர்கள் தள்ளி நின்று, குழந்தை விழும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார்கள். உடலின் எடை இடுப்புப் பக்கம் கிடக்க, இழுப்பு முழுவதும் தோள்மூட்டில் விழும், மூட்டு நழுவவும் கூடும்.

வால்ட்டில் பெரிய பெண்களுக்கான மேசை 125 செ.மீ. உயரம். குழந்தையை நேரே அதில் ஏற்றக் கூடாது. அவள் இடுப்பளவுக்குத் தடித்த மெத்தைகளை அடுக்கி, துள்ளவைக்கும் ஸ்பிரிங் பலகையில் மிதித்து, மெத்தைமேல் கைகளில் நின்று, விறைப்பாக மல்லாந்து விழச் சொல்லுங்கள். முதுகும் குதிகாலும் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்டால் சரி. இடுப்பு முதலில் இடித்தால் உடல் மடங்கிவிட்டது என்று பொருள். பலகைக்கு முன்னால் ஓட்டம் தளர்கிறதா? காலடி பொருந்தவில்லை. பலகையில் தொடங்கி எதிர்த்திசையில் ஓடவிட்டு, அவள் மிதித்துக் குதிக்கும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள்; ஓட்டத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும். பயப்படுகிறாள் என்று திட்டுவது பெரிய அநியாயம்.

இன்னொன்று, சாம்பியனின் சொந்த உடம்பு. வாரம் முப்பது மணி நேரம் உழைத்ததை ஒரே நாளில் நிறுத்தினால் தொடைத் தசை இளைக்கும்; அறுவை செய்த முழங்காலுக்கு அந்தத் தசைதான் காவல். குதிப்புகளை முதலில் விட வேண்டும், வலுப் பயிற்சியை வாரம் இரண்டு மூன்று நாளாவது தொடர வேண்டும். உடலைச் சூடாக்காமல், 'இதோ பார்' என்று குழந்தைகளுக்கு ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டும்போதுதான் குதிகால் தசைநார் அறுகிறது. வீடியோவில் காட்டுங்கள், போதும்.

கையை எப்போது எடுப்பது? உங்கள் உள்ளங்கையில் எடையே தெரியாமல் குழந்தை தொடர்ந்து பத்து முறை சுழன்று வந்தால், தொடாமல் ஒரு சாண் தள்ளி வைத்திருங்கள். அடுத்த வாரமும் அப்படியே வந்தால் எழுந்து நில்லுங்கள்.