எண்ணெய்க் கழிவைத் தின்னும் பக்டீரியா: நம்ம மண்ணில் எது சரிவரும்?

[காட்சி: அம்பாறைக் கடற்கரை, கரைவலைத் தோணிகள்]

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் கடலில் நியூ டயமண்ட் கப்பல் எரிந்தது நினைவிருக்கும். குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்குப் போன அந்தக் கப்பலில் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. நல்லகாலம், அது கொட்டவில்லை. கப்பலின் சொந்த எரிபொருள்தான் கடலில் படர்ந்தது. கொட்டியிருந்தால் அள்ளியது போக மிச்சத்தை யார் தின்பது?

பக்டீரியாதான். அல்கானிவோராக்ஸ் என்ற இனம் சுத்தமான கடலில் கொஞ்சமாக இருக்கும், எண்ணெய் வந்ததும் பெருகிவிடும். எண்ணெயில் காபன் தாராளம், ஆனால் உடம்பு வளர நைதரசனும் பொசுபரசும் வேண்டுமே, அவை எண்ணெயில் போதாது. அதனால்தான் 1989இல் அலாஸ்காவில் எக்ஸொன் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய் படிந்த கரைகளில் பசளை போட்டார்கள். போத்தலில் பக்டீரியா விற்க வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்: பசளைக்கும், பக்டீரியாவுக்கு வேண்டிய காற்றுக்கும் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

[காட்சி: காற்றூட்டும் தொட்டி, பிறகு உழுத மண்]

எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் கழிவுநீரில் மிதக்கும் எண்ணெயை முதலில் வழித்தெடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரைக் காற்றூட்டும் தொட்டியில் பக்டீரியாவிடம் விடுவார்கள். எண்ணெய்த் தாங்கியின் அடியில் தேங்கும் கறுப்புச் சேற்றுக்கு வேறு வழி: மண்ணோடு கலந்து ஒரு அடிக்கு மேல் போகாமல் பரப்பி, யூரியா போட்டு, ஈரம் பார்த்து, அடிக்கடி உழுவது, கிட்டத்தட்ட வயல் வேலைதான். ஒரு பிடி மண்ணைக் கையுறையோடு பிசைந்தால் கட்டியாக நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் காற்றுப் போக வழியில்லை, பக்டீரியாவின் வேலை படுத்துவிடும்.

டீசல் போன்ற இலேசான பகுதி சில மாதங்களில் போய்விடும், தார் போன்றது பிடிவாதமாகக் கிடக்கும். ஈயம், நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களை எந்தப் பக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது, அதனால் கழிவைப் பரிசோதிக்காமல் தொடங்கவே கூடாது.

சரி, மட்டக்களப்பில் இதைச் செய்யலாமா? கரையோரம் முழுக்க மணல், கிணற்றுத் தண்ணீரும் ஆழத்தில் இல்லை. வெறும் மணலில் பரப்பினால் பக்டீரியா தின்பதற்கு முன்பே எண்ணெய் கிணற்றுக்கு இறங்கிவிடும். அடியில் களியோ தடித்த பொலித்தீன் விரிப்போ இல்லாமல் ஒரு வாளி கூடக் கொட்ட விடாதீர்கள். கராஜ் வாசலில் ஊற்றும் பழைய எஞ்சின் ஒயிலுக்கும் இதே கதைதான், அதைப் பீப்பாயில் சேர்த்து, எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

வாவியோரக் கண்டல் காடு இன்னும் கஷ்டம். அந்தச் சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை, எண்ணெய் உள்ளே போனால் வருடக்கணக்கில் கிடக்கும், உழுதால் வேர் அறுந்துவிடும். அங்கே பக்டீரியாவை நம்பி இருக்க முடியாது. எண்ணெய் வாவிக்குள் நுழையும் முன்பே பாலமீன்மடு முகத்துவாரத்தில் மிதவைத் தடுப்புப் போட்டு மறித்தாக வேண்டும்.