கோவளத்துல ஞாயித்துக்கிழமை கூட்டம்: புதுசா சர்ஃப் பண்றவங்க எங்க நிக்கணும்?

வணக்கம். ஈசிஆர் கோவளத்துல இருந்து பேசுறேன். கேரளா கோவளம் இல்ல, நம்ம சென்னைக்குத் தெக்க இருக்கிற கோவளம். பின்னாடி பாருங்க, ஞாயித்துக்கிழமை காலைல தண்ணிக்குள்ள எத்தனை தலை! "இந்தக் கூட்டத்துல எனக்கு எப்படி அலை கிடைக்கும்?"னு நிறைய பேர் கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு யோசிங்க. உங்க கைய விட்டுப் போச்சுன்னா, உங்க போர்டு எதுவரைக்கும் போகும்?

மணல்ல வச்சே காட்டுறேன். இது 8 அடி சாஃப்ட் டாப் போர்டு, மேல்பக்கம் மெத்துன்னு ஃபோம் வச்சது. இந்தக் கயிறு, லீஷ், இதுவும் 8 அடி. பின்னாடி வைக்கிற கால்ல, கணுக்கால்ல கட்டியிருக்கேன். இப்ப போர்டை முழுசா தள்ளி விடுறேன். என் காலுக்கும் போர்டோட மூக்குக்கும் நடுவுல 16 அடி. அலை இழுக்கும்போது லீஷ் இன்னும் நீளும். அப்ப 20 அடின்னு வச்சுக்கங்க. ஒரு கவர்மென்ட் பஸ்ல பாதி. உங்களைச் சுத்தி எல்லாப் பக்கமும் அந்த அளவுக்கு அடி விழக்கூடிய இடம். சாஃப்ட் டாப் தானேன்னு அலட்சியம் வேண்டாம், நுரை தள்ளி வர்ற வேகத்துல பல்லு போயிடும். அடியில இருக்கிற ஃபின் இன்னும் மோசம். அதனால உங்களுக்குப் பின்னாடி, கரைப் பக்கமா, 20 அடிக்குள்ள ஆள் இருந்தா போர்டை விடவே கூடாது. இந்தக் கணக்கு மனசுல நின்னுட்டா கூட்டத்துல பாதி பிரச்சனை தீந்துடும்.

இந்தக் கூட்டம் ஏன் காலைலயே சேருதுன்னும் புரிஞ்சுக்கங்க. மே, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தெக்க இருந்து நல்ல அலை வரும். காலைல காத்து கரையில இருந்து கடலைப் பாத்து வீசும், அலை முகம் வழவழன்னு நிக்கும். உச்சி வெயில் நேரத்துக்குள்ள கடல் காத்து திரும்பிடும், தண்ணி கலைஞ்சு போயிடும். அதனால எல்லாரும் அந்த மூணு நாலு மணி நேரத்துக்குள்ள வந்து குவியுறாங்க. ஆனா நீங்க இப்ப பழகுறது உடைஞ்ச வெள்ளை நுரையில. நுரைக்கு அலை வழவழன்னு இருக்கணும்னு அவசியமே இல்ல. நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க கரையேறி வீட்டுக்குக் கிளம்புற நேரம்தான் உங்க நேரம். முழுக்கை ரேஷ் கார்டு (உடம்போட ஒட்டுற நீச்சல் பனியன்), சன்ஸ்கிரீன், குடிக்கத் தண்ணி மூணும் இருக்கட்டும், இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாதீங்க. லீவு போட முடிஞ்சா வார நாள்ல வாங்க, அதே அலைதான், ஆள்தான் இல்ல.

வந்ததும் தண்ணில குதிக்காதீங்க. 15 நிமிஷம் கரையில உக்காந்து பாருங்க. அலை எங்க முதல்ல உடையுது? அதுதான் பீக். ஓட்டிட்டு வர்றவங்க எங்க வந்து முடிக்கிறாங்க? எந்த இடத்துல உடையாம தண்ணி அமைதியா இருக்கு? வெளிய போறவங்க அந்த வழியா போறாங்களா? சர்ஃப் ஸ்கூல் பசங்க எந்தப் பக்கம் நிக்கிறாங்க? கோச் தள்ளி விட்டதும் அவங்க நேரா வருவாங்க, திருப்பத் தெரியாது. அவங்க வரிசைல இருந்து ஒரு முப்பது அடி வச்சு தள்ளிப் போய் நில்லுங்க.

அப்புறம் கரையில ரெண்டு அடையாளம் பிடிச்சுக்கங்க. முன்னாடி ஒரு லைட் கம்பம், அதுக்குப் பின்னாடி ஒரு தென்னை மரம்னு வைங்க. ரெண்டும் ஒரே கோட்டுல தெரியுற வரைக்கும் நீங்க இருந்த இடத்துலயே இருக்கீங்க. கடல்ல மீன்பிடிக்கிறவங்க காலங்காலமா இடம் பிடிக்கிற முறை இதுதான். இந்த மே-செப்டம்பர் சீசன்ல நீரோட்டம் வடக்குப் பக்கம் இழுக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. தள்ளிப் போயிட்டா, ஓட்டுறவங்க வர்ற பாதைக்குக் குறுக்கே பேடில் பண்ணாதீங்க, அதாவது போர்டுல படுத்துக் கையால துழாவிப் போகாதீங்க. கரையேறி, மணல்ல நடந்து திரும்பி வாங்க.

சரி, வெளிய போறப்ப ஒருத்தர் அலைல உங்களைப் பாத்து வர்றாரு. இதுலதான் புதுசா வர்றவங்க அதிகமா தப்பு பண்றாங்க. நுரைல மாட்டக் கூடாதுன்னு உடையாத பக்கமா ஓடுவாங்க. அவரு வரப்போறதும் அதே பக்கம்! நீங்க போக வேண்டியது அவருக்குப் பின்னாடி, ஏற்கெனவே உடைஞ்ச நுரைப் பக்கம். நுரை உங்களை அடிக்கும், வாங்கிக்கங்க. ரெண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடிச்சு, மூச்சை இழுத்து, போர்டோட தலைகீழா உருண்டு, மூக்கைக் கீழ இழுத்துப் பிடிங்க. நுரை மேல போனதும் திரும்ப உருண்டு வாங்க. இதுக்குப் பேரு டர்ட்டில் ரோல். முதல்ல ஒரு பக்கம் போயிட்டு, பயந்து நடுவுல மாத்தாதீங்க, உங்களை வச்சுத்தான் அவரு வழி எடுக்கிறாரு. இன்னொண்ணு, நமக்குக் கடல் கிழக்கே. காலைல வெளிய போறப்ப சூரியன் நேரா கண்ணுல. வர்றவரு கருப்பு உருவமாத்தான் தெரிவாரு. முகத்தைத் தேடாம, தோளு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாருங்க.

நுரை தாண்டி உடையாத அலை பிடிக்கத் தொடங்கினதும் முறை வந்துடுது. பீக்குக்குக் கிட்ட இருக்கிறவருக்குத்தான் அந்த அலை. ஒருத்தர் ஏற்கெனவே நின்னு வர்ற அலைல முன்னாடி பூந்தா அது டிராப்-இன், கடல்ல இதைவிடக் கோபம் வர்ற விஷயம் இல்ல. தெக்க இருந்து வர்ற அலை இங்க பெரும்பாலும் வலது பக்கமா ஓடும். நீங்க வலது பக்கம் போனா பீக் உங்க இடது பக்கம். பேடில் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, எழுந்துக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு தடவை இடது பக்கம் பாருங்க. ஆள் வந்தா போர்டு மேல பின்னால நகர்ந்து உக்காந்து மூக்கைத் தூக்குங்க, அலை கடந்து போயிடும். அலை போர்டோட வாலை, அதாவது பின்பக்கத்தை, தூக்கினப்புறம் முயற்சி பண்ணா தாமதம். தெரியாம பூந்துட்டீங்கன்னா போர்டை விட்டுக் குதிக்காதீங்க, படுத்துப் பிடிச்சுக்கிட்டு நேரா கரைக்குப் போங்க. அப்புறம் அவர்கிட்ட போய் "சாரி அண்ணே, பாக்கல"ன்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சுடும். அதே மாதிரி, அலை பிடிக்க முடியாம போனவங்க உடனே சுத்திப் போய் பீக்ல முதல்ல உக்காராதீங்க. பெரிய போர்டு வேகமா பேடில் ஆகும், அதனால இந்தத் தப்பு சுலபமா நடக்கும்.

மீனவர் ஃபைபர் போட்டுக்கு மட்டும் எந்த முறையும் கிடையாது. அலை மேல ஏறி கரைக்கு வர்றப்ப அவங்களால நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது, பின்னாடி மோட்டார் இறக்கை சுத்துது. இன்ஜின் சத்தம் கேட்டதும் பீக்கை மறந்துட்டு பக்கவாட்டுல விலகுங்க. கரைவலை இழுத்துட்டு இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, தண்ணிக்கடியில கயிறு ஓடும், லீஷ் அதுல சிக்கும்.

விழும்போது போர்டுக்கு முன்னாடி விழாம, பின்னாடியோ பக்கத்துலயோ, தட்டையா விழுங்க, தலை முதல்ல போகக் கூடாது. ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு மேல வாங்க. வெளிய வர்றப்ப குளிக்கிற குழந்தைங்க முழங்கால் தண்ணில நிப்பாங்க, அதனால கடைசி அலையைப் படுத்தே பிடிச்சு வாங்க. இறங்கினதும் போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவுல வைக்காதீங்க, வயித்துல வந்து இடிக்கும். பக்கவாட்டுல, மூக்கு கடலைப் பாத்து இருக்கட்டும். காய்ஞ்ச மணலுக்கு வந்தப்புறம் லீஷைக் கழட்டுங்க.