பரிசுத்த ஜாதி எது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடவுள் தெரிந்துகொண்ட, அதாவது தேர்ந்தெடுத்த, மக்கள் யார் என்பது பற்றிக் கிறிஸ்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே நுழையும்போதே, "சார், கடிகாரத்தையும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றார்கள். என்னைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறார்கள் போல.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மேலூர்ப் பக்கம் எங்கள் கிராமத்துக் கோயிலில் அன்று வேதபாடம் வாசிப்பது என் முறை. இயேசுவின் சீடர் பேதுரு எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம், இரண்டாம் அதிகாரம். "தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததியாயும், ராஜரீகமான ஆசாரியக்கூட்டமாயும், பரிசுத்த ஜாதியாயும்" என்று மூச்சுவிடாமல் வாசித்து முடித்தேன். ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எப்போதும் கதவோரம் உட்காரும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்தார்.

"ஏய்யா, பரிசுத்த ஜாதின்னு வாசிச்சியே, அது எந்த ஜாதி? நம்ம பக்கம் இருக்காங்களா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டி ஏன் கதவோரமே உட்காருதுன்னு நீ கேட்டியா?" என்றார். எங்கள் கோயிலில் அப்போது இரண்டு வரிசைப் பாய். எந்தப் பாய் யாருக்கு என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். அப்புறம் அந்தப் பாட்டி கேட்டதில் என்ன தப்பு?

குழப்பம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கிரேக்கத்தில் 'எத்னோஸ்' என்று ஒரு சொல். ஓர் இனம், ஒரு நாட்டு மக்கள் என்று பொருள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது 'ஜாதி' ஆனது. "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்பதும் அதே சொல்தான், யூதரல்லாதவர்களைக் குறிக்கும் 'புறஜாதியார்' என்பதும் அதே சொல்தான். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் ஒரே பெயர், கவனித்தீர்களா? 1995-ல் வந்த திருவிவிலியம் 'தூய மக்களினத்தினர்' என்று மாற்றிவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் பாட்டியின் கேள்வியை அந்தப் பழைய மொழிபெயர்ப்புதான் கிளப்பியது, அதனால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஏற்பாட்டின்படி கடவுள் ஆபிரகாமை அழைத்தார், அவன் வழியில் இஸ்ரவேலை, அதாவது யூத மக்களை, தெரிந்துகொண்டார். எதற்காக? எண்ணிக்கைக்காக இல்லை, எல்லா ஜனத்தையும்விட நீங்கள்தான் கொஞ்சம்பேர் என்கிறது உபாகமம். சலுகைக்காகவும் இல்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி சொல்வதைக் கேளுங்கள்: உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத் தண்டிப்பேன். அந்த 'ஆகையால்' இருக்கிறதே, அதைத்தான் நாம் வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறோம். வீட்டில் மூத்த பிள்ளைக்குத்தான் முதல் அடி விழும், அது மாதிரி.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் எங்கே வருகிறார்கள்? இதற்கு அப்போஸ்தலர் பவுல் ரோமாபுரிக் கிறிஸ்தவ சபைக்கு எழுதியபோது ஒரு மரத்தைக் காட்டுகிறார். நல்ல ஒலிவமரம் ஒன்று. சில கிளைகள் முறிந்துபோயின. அந்த இடத்தில் காட்டொலிவக் கிளையைக் கொண்டுவந்து ஒட்டவைத்தார்கள். மரம் இஸ்ரவேல், காட்டுக் கிளை நாம்.

நத்தம் போகிற வழியில் மாங்கன்று விற்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். கொட்டையிலிருந்து முளைத்த நாட்டுக் கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகுவார். பாலிதீன் நாடாவை இறுக்கிச் சுற்றுவார். அரை நிமிட வேலை. அவரிடம் இந்த ஒலிவமரக் கதையைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சார் அவரு, தோட்டமே பார்த்ததில்லையா? நாட்டுக் கன்னுலதான் நல்ல குச்சியை ஏத்தணும். நல்ல மரத்துல காட்டுக் குச்சியை ஏத்துனா காட்டுக் காய்தான் வரும். வெயிலும் தண்ணியும் வீணு."

பவுலுக்கும் இது தெரியும். 'சுபாவத்திற்கு விரோதமாய்' ஒட்டவைக்கப்பட்டாய் என்று அவரே எழுதுகிறார். காய்க்காத ஒலிவமரத்தில் துளை போட்டுக் காட்டுக் குச்சியைச் செருகினால் மரம் தெளியும் என்று அதே நூற்றாண்டில் கொலுமெல்லா என்ற ரோமானியர் எழுதியிருக்கிறார் என்றும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். இருக்கட்டும், நான் மாங்கன்றுக்காரர் பக்கம். எந்தத் தோட்டக்காரனும் செய்யாத வேலை இது, அதனால் ஒட்டிய கிளை பெருமையடிக்க ஒன்றுமே இல்லை. "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது." நேயர்களே, இதைத் திரும்பச் சொல்கிறேன், வானொலியில் அடிக்கோடு போட முடியாது: வேர் உன்னைச் சுமக்கிறது.

கிளை இதை மறந்துவிட்டது. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், நாங்கள்தான் உண்மையான இஸ்ரவேல் என்று எழுதினார். பழைய மரத்தை வெட்டியாயிற்று, இது புது மரம் என்ற எண்ணம் அப்படியே வளர்ந்தது. 1543-ல் புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் யூதர்களுக்கு எதிராக எழுதியதை இன்றைக்கு வாசித்தால் கை கூசும். கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக் கூடாது என்று அறிவித்தது. அதிலும் இதே ஒலிவமரம்தான் வருகிறது.

நம் ஊரில் இந்தப் பெருமை யூதர்மேல் பாயவில்லை, நமக்குள்ளேயே பாய்ந்தது. 1847-ல் மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷன், சபை ஊழியர்கள் ஜாதி பார்க்காமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கறாராகச் சொன்னது. பலர் சாப்பிட மறுத்து வெளியே போனார்கள். வேலை போனாலும் பரவாயில்லை, பாய் மாறக் கூடாது! எங்கள் கோயிலில் பாய் போய்ப் பெஞ்சு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் அதற்கப்புறமும் வெகுநாள் நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். கடைசியாக இன்னொரு கட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டார்பி என்பவர், இஸ்ரவேல் வேறு, சபை வேறு, இரண்டுக்கும் தனித்தனித் திட்டம் என்று போதித்தார். அதாவது இரண்டு மரம். 1909-ல் வந்த ஸ்கோபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக அது உலகமெல்லாம் பரவியது. கன்வென்ஷன் என்று நற்செய்திக் கூட்டம் போடுவார்களே, அந்தப் பந்தலில் தொங்குமே, கடைசிக் காலத்து வரைபடம், அது இந்த வழியில் வந்ததுதான். 1948-ல் இஸ்ரேல் நாடு உருவானதைத் தீர்க்கதரிசன நிறைவேறுதல் என்று இவர்களில் பலர் சொல்வார்கள். பெத்லகேமில் இருக்கும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டு என்ன சொல்கிறார்கள் என்பதற்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. இன்னொரு நாள் கூப்பிட்டால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.