தபால்காரர் என்றால் இளக்காரமா?

நடுவர் அவர்களே, பங்குச் சாமி அவர்களே, பந்தல் நிறைந்த பெரியோரே, வணக்கம். அசனப் பந்தி விரிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

வானதூதரின் பெரிய வேலை காவலா, சேதியா? சேதிதான். எபிரேயத்தில் மலாக், கிரேக்கத்தில் ஆங்கெலோஸ், நம் முஸ்லிம் சகோதரர்கள் சொல்லும் மலக்கு, எல்லாவற்றுக்கும் தூதர் என்றுதான் பொருள். வானதூதர் மிக்கேலை மட்டும் எதிரணி வைத்துக்கொள்ளட்டும். கையில் வாள் இருக்கிறது, நான் வம்புக்குப் போகவில்லை.

சரி, கதைக்கு வருவோம். வானதூதரை எங்கள் ஆச்சி சம்மனசு என்பாள். சின்ன வயதில் தினமும் சொல்வாள்: "ஏல, தள்ளிப் படு. காவல் சம்மனசுக்கு எடம் வேணும்லா." ஒற்றைக் கயிற்றுக் கட்டில். தள்ளினேன். சம்மனசுக்குச் சிறகு வேறு உண்டே என்று இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நடுராத்திரி தொப்பென்று தரையில்! ஆச்சி விளக்கோடு ஓடி வந்தாள். "சம்மனசு ஏன் ஆச்சி என்னைப் பிடிக்கல?" "அதுவும் அசந்திருக்கும்ல, பாவம்."

இருங்கள், கைதட்டாதீர்கள், இன்னும் இருக்கிறது. மறுநாள் நான் உஷார். சுவர்ப் பக்கம் நான், ஓரத்தில் சம்மனசு. விடிந்து பார்த்தால் தலையணை தரையில் கிடக்கிறது. ஆச்சி சொன்னாள்: "பாத்தியா, நேத்து நீ விழுந்த. இன்னிக்கு அது விழுந்துட்டு!"

இதுதான் எதிரணி அக்காவின் காவல். அவர் கேட்டார்: "வானதூதர் காபிரியேல் வெறும் தபால்காரர்தானே? கடுதாசியை நீட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்." வெறுமா? 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தொலைத்தொடர்புக்கே அவரைப் பாதுகாவலராக அறிவித்தார். பாதுகாவலர் என்றதும் துள்ள வேண்டாம் அக்கா. உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்கும் அவர்தான்.

பைபிளில் லூக்கா நற்செய்தியைப் புரட்டுங்கள். குரு செக்கரியாவிடம் வானதூதர் சொன்னது அஞ்சாதே. மரியாவிடம் அஞ்சாதே. பெத்லகேம் இடையர்களிடமும் அதே சொல். சேதி அதற்கு அப்புறம்தான்.

எங்கள் தெருவுக்கும் ஒரு தபால்காரர் வருவார். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. பட்டாளத்திலிருந்து சித்தப்பா போடும் கடுதாசியைத் திண்ணையில் உட்கார்ந்து அவர்தான் வாசித்துக் காட்டுவார். ஒருநாள் மணி அடிக்காமல் வந்தார். சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஆச்சி வழக்கம்போலத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். வாங்கிக் கீழே வைத்தார். கையில் தந்தி.

"பயப்படாதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தார்.

நடையைக் கட்டவில்லை அக்கா. பொழுது சாயும்வரை ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பிரிக்காத தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு.

மணி அடிக்கிறீர்கள், நடுவரே. வணக்கம்.