தோனானியின் பியானோ இசை: எந்தப் பதிவில் தொடங்குவது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “போன வீடியோவில் தோனானி என்ற ஹங்கேரி இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டீர்கள். தேடிக் கேட்டேன். ஹங்கேரி வாசனையே இல்லை, பிராம்ஸ் மாதிரிதான் இருக்கிறது. இவரை ஏன் கேட்க வேண்டும்? கேட்பதென்றால் எந்தப் பதிவு?”

உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பிராம்ஸ் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய ஜெர்மன் இசையமைப்பாளர். எர்னோ தோனானி 1877இல் போஜோனியில் பிறந்தவர், இன்றைய ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா. அவர் ஓபஸ் 1, அதாவது படைப்பு எண் 1, என்று எண்ணிட்ட பியானோ குவிண்டெட்டை (பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும்) பாராட்டி, வியன்னாவில் அரங்கேற வழி செய்தவரே பிராம்ஸ்தான். போஜோனிப் பள்ளியில் இவருக்குப் பின்னால் படித்த பையன் பார்டோக், பிற்பாடு ஹங்கேரியின் மிகப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். தோனானி புடாபெஸ்ட்டுக்குப் போனதைப் பார்த்துத்தான் அவரும் வியன்னாவில் படிக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு அங்கே போனார். பிறகு பார்டோக் கிராமம் கிராமமாக அலைந்து நாட்டுப்பாடல் சேகரித்தார். தோனானியோ பிராம்ஸ் பாணி என்ற பழைய வீட்டிலேயே இருந்துவிட்டார்.

1923இல், புடா, பெஸ்ட் முதலிய ஊர்கள் இணைந்து புடாபெஸ்ட் ஆனதன் 50ஆம் ஆண்டு விழாவுக்கு மூன்று ஹங்கேரி இசையமைப்பாளர்களிடம் இசை கேட்டார்கள். பார்டோக்கின் டான்ஸ் சூட், கோடாயின் சால்முஸ் ஹங்காரிகுஸ், தோனானியின் ஒரு விழா முகப்பிசை. அன்று மேடையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவரே தோனானி! முதல் இரண்டும் இன்றும் உலகம் முழுக்க ஒலிக்கின்றன. மூன்றாவதை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அப்புறம் இரண்டாம் உலகப் போர். நாஜி ஆதரவாளர் என்று இவர்மேல் கிளம்பிய பேச்சு அமெரிக்கா வரை துரத்தியது. ஆனால் இவருடைய மகன் ஹான்ஸ், ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் கொல்லப்பட்டவர். அப்பாவுக்கு இந்தப் பழி என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. கடைசிக் காலத்தில் ஃபுளோரிடாவில் டல்லஹாசியில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

பதிவுக்கு வருகிறேன். பியானோ கலைஞர் மார்ட்டின் ராஸ்கோ ஹைபீரியன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக இவருடைய தனிப் பியானோ இசையை நான்கு தொகுதிகளாக வாசித்திருக்கிறார். அதில் தொடங்குங்கள். தேடும்போது எர்ன்ஸ்ட் ஃபான் தோனானி என்று போடுங்கள், ஜெர்மன் பெயரில்தான் நிறைய கிடைக்கும். எல்லோரும் ஓபஸ் 11 ராப்சடிகளை (கட்டில்லாமல் உணர்ச்சி பொங்கும் துண்டுகள்), அதிலும் சி மேஜரில் உள்ள மூன்றாவதைத்தான் முதலில் சொல்வார்கள். நல்ல பட்டாசுதான், மறுக்கவில்லை. நான் சொல்வது ஓபஸ் 13, விண்டர்ரைகன். 1905இல் எழுதிய பத்துச் சின்னத் துண்டுகள், பெரும்பாலும் நண்பர்களுக்கானவை.

அதில் மூன்றாவது, ‘ஆன் ஆடா’, அதாவது ‘ஆடாவுக்கு’. மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர்; ஏ, டி, ஏ என்று அந்தப் பெயரின் எழுத்துகளே இங்கே ஸ்வரங்கள். அந்த மூன்றும் விடாமல் திரும்பத் திரும்ப வரும், சுற்றியிருக்கும் ஒலி மட்டும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பது போல. இதைக் கேட்டுவிட்டு மறுபடி அதே கேள்வியை அனுப்புங்கள், பார்ப்போம்.

ஹங்கேரி வாசனைதான் வேண்டும் என்றால் ஓபஸ் 32ஏ, ருராலியா ஹங்காரிகா. நாட்டுப்பாடல் மெட்டுகள் அங்கே இருக்கின்றன, ஆனால் நன்றாகக் குளிப்பாட்டி, தலை வாரி, வரவேற்பறையில் உட்கார வைத்தது போல. பார்டோக்கிடம் அதே மெட்டுகள் காலில் மண்ணோடு வரும்.

அவரே வாசித்த பதிவுகளும் உண்டு. 1956இல், எண்பதை நெருங்கும் வயதில், லண்டனில் வாசித்தவை. சில இடங்களில் விரல் தடுமாறும், ஒலியும் பழசு. ஆனால் மெட்டை அவசரப்படாமல் பேசவிடுகிறார் பாருங்கள், அது ராஸ்கோவிடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1960 பிப்ரவரியில் அவர் இறந்ததும் நியூயார்க்கில், இசைத்தட்டுக்கு வாசிக்கப் போன இடத்தில்தான்.